காணாமற்போன புளியங்கொட்டை

1987ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றத் தொடங்கிய தாக்குதல் உக்கிரமடைந்திருந்த நாட்கள். வீடுகளை விட்டு வெளியேறிய சனங்கள் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்திருந்தனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்தார்கள். அவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது 17 வயது.

பெரியவர்களுக்குப் பேச ஏதோ இருந்தது. எங்களைப் போன்ற இளவட்டங்களுக்குத் தண்ணீர் அள்ளும் வேலையும் வரிசையில் நிற்கும் வேலையும் இருந்தன. சிறு பிள்ளைகளுக்குத்தான் ஒன்றுமே இருக்கவில்லை. ஷெல் விழும் ஓசை கேட்டால் அழுவார்கள். ஓசை நின்றால் பசியில் அழுவார்கள். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைத்தனர். ஒருநாள் பின்னேரம் அவர் மூன்று சிரட்டைகளையும் ஒரு புளியங்கொட்டையையும் தேடியெடுத்துக் கொண்டு வந்து பிள்ளைகளின் நடுவே சப்பாணி கட்டி அமர்ந்தார்.

“பிள்ளையள், இஞ்ச பாருங்கோ. இது மூண்டும் வீடு. இந்தப் புளியங்கொட்டை தான் வீட்டுக்காரன். ராத்திரி எல்லாரும் நித்திரை. அப்ப ஒரு கள்ளன் வாறான். ஒருத்தருக்கும் சத்தம் கேக்கேல்லை. விடிய எழும்பிப் பாத்தால்...”

சிரட்டையைத் தூக்கினார். புளியங்கொட்டை இல்லை. மற்ற இரண்டையும் தூக்கினார். அங்கும் இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பின்னால் நின்ற பெரியவர்களும் கூடச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஐந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. “எங்க கொண்டு போனவங்கள்?” என்று கேட்டாள். மாஸ்ரர் பதில் சொல்வதற்கு முன்னரே அவள் அழத் தொடங்கிவிட்டாள். அவளுடைய தகப்பன் இரண்டு நாட்களுக்கு முன்னர் அரிசி எடுத்து வருவதற்காக வீட்டுப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

மாஸ்ரர் சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாள் மறுபடியும் அதே சிரட்டைகளுடன் வந்தார். வித்தை மாறவில்லை, கதையை மாற்றிவிட்டிருந்தார். அந்த இரண்டாவது கதையை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதன் அருமையை உணர்வதற்கு, வித்தைக்கும் கதைக்கும் உள்ள உறவின் வரலாற்றைச் சற்றேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாஸ்ரர் செய்த வித்தை உலகின் மிகப் பழைய வித்தைகளுள் ஒன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த உரோமானிய அறிஞர் செனெக்கா தமது கடிதம் ஒன்றில் கிண்ணங்களும் கூழாங்கற்களும் கொண்டு செய்யப்படும் இந்த வித்தையைக் குறிப்பிடுகிறார். தமிழில் இதற்குச் செப்படி வித்தை என்று பெயர். செப்பிடு வித்தை என்றும் அகராதிகள் பதிவு செய்துள்ளன. செப்பு என்பது சிமிழ். சிமிழுக்குள் இட்டதை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டுவதால் அப்பெயர். காலப்போக்கில் எல்லாவகைக் கைத்திறன் ஏமாற்றுகளுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. இன்று அரசியல்வாதிகளின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதும்போதும் நாங்கள் அச்சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறோம்.

தமிழில் மாயவித்தைக்கு வேறு பெயர்களும் உள்ளன. குறளி வித்தை என்பது ஒன்று. குறளி என்ற சிறு பேய் வித்தைக்காரனுக்கு ஏவல் செய்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர். கண்கட்டு வித்தை என்பது மற்றொன்று. செப்படி என்ற பெயர் கருவியைச் சொல்கிறது. குறளி என்ற பெயர், செய்வது யார் என்று சொல்கிறது. கண்கட்டு என்ற பெயரோ பார்ப்பவரின் கண்ணைச் சொல்கிறது. வித்தைக்காரனின் நாவைச் சொல்லும் பெயர் மட்டும் இல்லை. ஆனால், பார்ப்பவர் கண்ணைக் கட்டுவது துணியன்று, வித்தைக்காரனின் பேச்சுத்தான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு உளவியலாளர் அல்பிரட் பினே. பிற்காலத்தில், 1905இல், பிள்ளைகளின் நுண்மதியை அளக்கும் சோதனையைத் தயாரித்துப் புகழ்பெற்றவர் இவர்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே பாரிஸ் நகரின் வித்தைக்காரர்களைத் தமது ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். அவர்களின் கையசைவுகளை அடுத்தடுத்துத் துரித கதியில் ஒளிப்படங்களாகப் பிடிக்கச் செய்தார். ஆய்வின் முடிவுகளை 1894இல் கட்டுரையாக வெளியிட்டார். படங்களைத் தனித்தனியே எடுத்து நோக்கியபோது அங்கே மாயம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு பொருளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவதாகப் பாவனை செய்கிறான், அவ்வளவே. ஒளிப்படத்தில் பேச்சு இல்லை. பேச்சின் தாளமும் இல்லை. அவை இல்லாதபோது கண் கட்டப்படவில்லை.

வித்தைக்காரனின் பேச்சு மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் கற்பிப்பது. கை ஏன் சட்டைப்பைக்குள் போகிறது என்று பார்ப்பவர் கேட்டுவிடக் கூடாது. “சாவியை எடுக்கிறேன்” என்று கதை சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி பிறப்பதில்லை. இரண்டாவது, பார்ப்பவரின் கவனத்தை எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பது. சிரிக்கிற மனிதனின் கண் அந்தக் கணத்தில் விழிப்பாக இருப்பதில்லை. ஆகவேதான் பகிடிகள் அந்தந்த இடத்தில் வருகின்றன. மூன்றாவது, நடந்ததற்கு ஒரு பொருள் கொடுப்பது. ஒரு விதை மறைந்தது என்பது வெறும் செய்தி. அது ஏன் மறைந்தது, யார் எடுத்தது, எங்கே போயிற்று என்பதே கதை. முதலிரண்டும் தொழில் நுட்பம். மூன்றாவதில்தான் அறம் வந்து சேர்கிறது.

இதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு. முதற் சான்று தமிழர் வாழ்ந்த நகரிலிருந்தே தொடங்குகிறது. 1830ஆம் ஆண்டளவில் சென்னைப் பட்டினத்தில் பிராமணர் ஒருவர் நிலத்தைத் தொடாமல் ஆகாயத்தில் அமர்ந்து காட்டினார். ஒரு கை மட்டும் ஒரு தடியின்மேல் தாங்கியிருந்தது. ஆங்கிலேயர் அவர் பெயரை சேஷால் என்று எழுதி வைத்தனர். அவரைப் பற்றிய செய்தியும் சித்திரமும் இலண்டன் சஞ்சிகைகள்வரை போய்ச் சேர்ந்தன. கண்களை மூடிய தவசியின் தோற்றமே அங்கே கதை. அவர் வாய்திறந்து எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1847இல் இதே வகை வித்தை பாரிஸ் மேடையில் தோன்றியது. செய்தவர் ரொபேர் ஹூடின் என்பவர். ஹூடினி என்ற பெயரை அறிந்திருப்பீர்கள். அவர் தமது மேடைப்பெயரை இவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். ரொபேர் ஹூடினுக்குப் பிராமணர் வேடம் தேவைப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் என்ற திரவத்தின் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து சத்திரசிகிச்சை நிகழ்த்திக் காட்டியிருந்தார்கள். ஐரோப்பாவெங்கும் அதுவே பேச்சு. அவர் அந்தச் செய்தியைக் கதையாக்கினார். ஈதரை அதிகம் நுகர்ந்தால் உடம்பு காற்றைப் போல் இலேசாகிவிடும் என்று சபையோருக்கு ஒரு விரிவுரை நிகழ்த்தினார். தமது சின்னஞ்சிறு மகனின் மூக்கருகே ஒரு போத்தலைப் பிடித்தார். போத்தல் வெறுமையானது, ஆயினும் திரைமறைவில் சுடச்சுட இருந்த இரும்பின்மேல் ஈதர் ஊற்றப்பட, அதன் நெடி அரங்கத்தில் பரவியது. பையன் துவண்டான். தகப்பன் அவனைக் கிடையாகத் தூக்கி, ஒரு முழங்கை மட்டும் ஒரு கம்பின்மேல் ஊன்றியிருக்க, அந்தரத்தில் கிடத்தினார்.

கதை அளவுக்கு மீறி வெற்றிபெற்றது. பெற்ற பிள்ளையை இப்படி மருந்து கொடுத்து வதைக்கலாமா என்று சினங்கொண்டு சிலர் தமக்குக் கடிதம் எழுதியதாக அவரே தமது நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். சென்னையில் தவத்தின் வலிமையாகக் காட்சியளித்த வித்தை, பாரிஸில் விஞ்ஞானத்தின் அபாயமாகக் காட்சியளித்தது. தடியும் தாங்கும் தத்துவமும் ஒன்றே.

1856இல் அதே மனிதரைப் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே அற்புதங்கள் காட்டி மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் மதத் தலைவர்களின் செல்வாக்கை உடைப்பதற்கு, அவர்களைவிடப் பெரிய அற்புதங்களைப் பிரெஞ்சுக்காரர் காட்டவேண்டும் என்பது அரசின் எண்ணம். அவரிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதன் அடியில் இரும்பு. மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் பெட்டியைத் தூக்க இயலாது. பாரிஸில் இது ஒரு வேடிக்கை. பெட்டி ஒருசமயம் பாரமாகிறது, ஒருசமயம் இலேசாகிறது என்று சொல்லிச் சிரிக்கவைப்பார். அல்ஜீரியாவில் கதையைத் திருப்பினார். பலசாலியான ஓர் அராபியரை மேடைக்கு அழைத்து, பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவர் எளிதாகத் தூக்கினார். பின்னர், “உன் பலத்தை நான் எடுத்துவிட்டேன்” என்ற பொருள்படச் சொன்னார். அந்த மனிதரால் பெட்டியை அசைக்கக்கூட முடியவில்லை. இறுதியில் கைப்பிடியில் மின்னதிர்ச்சியும் பாய்ச்சப்பட, அவர் அலறிக்கொண்டு அரங்கைவிட்டு ஓடினார்.

பாரமாவது பெட்டி என்றால் அது விளையாட்டு. பலவீனமாவது நீ என்றால் அது ஆதிக்கம். மின்காந்தத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. பின்னர் அவை தந்திரங்களே என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாயிலாக அங்குள்ளோருக்கு எடுத்துச் சொல்லப்பட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். எனினும் ஓடிய மனிதர் ஓடியவர்தாம்.

இனிமேல் சொல்லப்போவது என் சொந்தத் தொழிலைப் பற்றியது. ஆதலால் சற்றுத் தலைகுனிவுடனேயே எழுதுகிறேன். இந்தியக் கயிற்று வித்தை உலகப்பிரசித்தமானது. வித்தைக்காரன் கயிற்றை மேலே எறிகிறான். அது விறைத்து நிற்கிறது. ஒரு சிறுவன் அதில் ஏறி உச்சியில் மறைந்துவிடுகிறான். 1890ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சிக்காகோ நகரின் நாளிதழ் ஒன்று இதை இரண்டு அமெரிக்கர் நேரிற் கண்டதாகச் செய்தி வெளியிட்டது. செய்தி பல நாடுகளின் பத்திரிகைகளில் மறுபிரசுரமாயிற்று. நான்கு மாதங்களின் பின்னர் அது கற்பனையே என்று அப்பத்திரிகை ஒப்புக்கொண்டது. எழுதியவர் ஜோன் எல்பேட் வில்க்கி என்ற பத்திரிகையாளர். மறுப்பை யாரும் கவனிக்கவில்லை. கதை பிழைத்துக்கொண்டது. 1934இல் இலண்டன் வித்தைக்காரர் சங்கத்தின் குழுவொன்று, திறந்தவெளியில் இதைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு அறிவித்தது. பரிசை எவரும் வென்றாரில்லை. செய்யப்படாத வித்தைக்கு உலகமெங்கும் சாட்சிகள் இருந்தார்கள். கயிறில்லாமல் கதை மட்டுமே நின்ற வித்தை அது. அந்தச் சிறுவன் எங்கே போனான் என்று அத்தனை வாசகர்களுள் எவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

நமது தெருவித்தைக்காரரின் கதைகளும் எப்போதும் மென்மையானவையல்ல. தமிழ்நாட்டின் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் வித்தை பார்த்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கறுப்புத் துணியால் மூடிப் படுக்க வைக்கப்பட்ட ஒரு சிறுவன், வித்தைக்காரன் கேட்பதற்கெல்லாம் துணிக்குள்ளிருந்தே பதில் சொல்லுவான். கேள்வியும் பதிலும் பாட்டைப் போல ஓடும். இடையிலே கூட்டத்தை விட்டு எவராவது போனால் இரத்தம் கக்குவார் என்று ஓர் அச்சுறுத்தல் வரும். கடைசியில் தாயத்து விற்பனை. கூட்டம் கலையாமல் இருப்பதற்கு அந்த அச்சுறுத்தல். பணம் வருவதற்குத் தாயத்து. வயிற்றுப்பாட்டுக்காக உழைத்த அந்த ஏழைகளை நான் குறைகூற வரவில்லை. ஆனால், வீடு திரும்பும் பிள்ளை இரவில் எதை நினைத்துப் படுத்திருக்கும் என்பதையும் மறந்துவிட இயலாது.

அந்த அச்சத்தை எதிர்த்து நின்ற ஒருவர் யாழ்ப்பாணத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதை இளைய தலைமுறை அறிந்திருக்குமோ தெரியவில்லை. கேரளத்தில் 1898இல் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். அங்கே ஓராண்டு அவரிடம் விவிலிய பாடமும் ஒப்படைக்கப்பட்டது. மாணவர்கள் பரீட்சையில் மிகச் சிறப்பாகத் தேறினார்கள். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லை. மாணவர்கள் பாடத்தில் தேறினார்கள், விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்று அதிபர் காரணம் சொன்னாராம். ஆசிரியத் தொழிலிலிருந்து 1959இல் ஓய்வுபெற்ற கோவூர், 1963இல் ஒரு சவால் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழ்நிலையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா. 1978இல் அவர் இறக்கும்வரை அப்பணத்தை எவராலும் பெற முடியவில்லை. 1970களில் இந்திய நகரங்கள் பலவற்றில் அவர் நடத்திய கூட்டங்களில், சாமியார்களின் அற்புதங்களாகக் கருதப்பட்டவை மேடையிலேயே வெறுந் தந்திரங்களாக விளக்கப்பட்டன.

கோவூர் வித்தையைப் பகைத்தவரல்லர். வித்தையை அற்புதம் என்று சொல்வதையே பகைத்தார். சாமியாரும் வித்தைக்காரரும் வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைக்கும் முறை ஒன்றாகவே இருக்கலாம். வித்தைக்காரர் “இது வித்தை” என்கிறார். சாமியார் “இது நான்” என்கிறார். ரொபேர் ஹூடின் பாரிஸிலும் அல்ஜீரியாவிலும் சொன்ன இரு கதைகளுக்கு இடையே உள்ள தூரமும் இதுவே.

பிள்ளைகளுக்கென்று வித்தை காட்டுபவர்களுக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பெரும்புகழ் பெற்றிருந்த டேவிட் டெவன்ற் இதை நன்கறிந்தவர். எல்லாம் அன்பினால் ஆனது என்பதே அவரது விளம்பர வாசகத்தின் பொருள். ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் மேடைக்கு அழைத்து, வெறுந் தொப்பியிலிருந்து முட்டைகளை எடுத்து எடுத்துச் சிறுமியிடம் கொடுப்பார். அவள் சிறுவனிடம் கொடுக்க, அவன் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடிக்கத் திணறுவான். ஒன்றிரண்டு விழுந்து உடையும். சபை வயிறு குலுங்கச் சிரிக்கும். வித்தை என்பது தொப்பியில் முட்டை தோன்றுவது மட்டுந்தான். சபை நினைவில் கொண்டு போனது அந்தச் சிறுவனின் இரு கைகளை.

யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்கான மேடையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வித்தைக்காரர் அல்லர், நாடகக்காரர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களைத் தந்தார். பிள்ளையைப் பார்வையாளனாக உட்கார வைத்து உபதேசம் செய்வதை விட, அவனையும் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்வதே சிறுவர் அரங்கு என்ற எண்ணம் அக்காலத்தில்தான் எங்கள் பாடசாலைகளில் வேர்கொண்டது. போர்க்காலத்தில் அவர் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ மனக்காயம்பட்டவர்களின் வலியை மேடைக்குக் கொண்டுவந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்து மக்களின் உள்ளக் காயங்களைப் பற்றி ‘மனவடு’ என்ற நூலை எழுதியதும் அந்தக் காலகட்டத்தில்தான். சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் காலமானபோது, பிள்ளைகளை விளையாட விட்டவர் போய்விட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

மாஸ்ரருக்கு இந்த வரலாறெல்லாம் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. அந்தச் சிறுமி அழுத மறுநாள் அவர் செய்தது இதுதான்.

பூவரசம் இலை ஒன்றை மடித்து, அந்தச் சிறுமியின் கையில் முதலில் கொடுத்தார். “இது அடுப்படி. நீங்கள் தான் அம்மா. கவனமாப் பிடிச்சிருங்கோ, அடுப்பு நூந்திடும்” என்றார். பிறகு மூன்று சிரட்டைகளையும் கவிழ்த்தார்.

“இந்தப் புளியங்கொட்டை ஒரு குழப்படிக்காரப் பொடியன். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான், ஒளிச்சிடுவான். அம்மா, கூப்பிடுங்கோ.”

சிறுமி முதலில் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். முதற் சிரட்டையைத் தூக்கினார், இல்லை. “பாத்தியளே, கள்ளப்பயல்!” என்றார். சிரிப்பு. இரண்டாவது சிரட்டையை அவர் தூக்கப் போக, “அதுக்குள்ள இல்லை, மற்றதுக்குள்ள!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் காது கேளாதவர் போல் நடித்து இரண்டாவதையே தூக்கினார். இல்லை. மூன்றாவதும் இல்லை. “ஐயோ, எனக்குத் தெரியேல்லையே. அம்மாவுக்குத் தான் தெரியும். பிள்ளை பசி வந்தால் எங்க போவான்?” என்று சிறுமியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் தன் கையிலிருந்த இலையைப் பார்த்தாள். மெதுவாக விரித்தாள். உள்ளே புளியங்கொட்டை இருந்தது.

“அடுப்படியில!” என்றாள். அந்தப் பின்னேரம் முழுவதும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

புளியங்கொட்டைகள் இரண்டு என்பதை நான் அன்றே கண்டுபிடித்துவிட்டேன். 17 வயதில் அப்படிக் கண்டுபிடிப்பது பெரிய கெட்டித்தனம் என்று எண்ணி, மாஸ்ரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். “தம்பி, ரண்டு கொட்டை ஆரும் வைச்சிருக்கலாம். எங்க திருப்பிக் குடுக்கிறதெண்டு யோசிக்கத்தான் எனக்கு ஒரு ராத்திரி போனது” என்றார்.

கதையை எப்படி மாற்றினார் என்று கவனியுங்கள். முதற் கதையில் எடுத்தவன் கள்ளன். வீட்டிலுள்ளவர்கள் எவராலும் எதுவும் செய்ய இயலவில்லை. இரண்டாவதில் மறைந்தவன் தானே விளையாட்டுக்காக ஒளிந்தவன். முதலாவதில் வித்தைக்காரன் எல்லாம் தெரிந்தவன், பிள்ளைகள் ஒன்றுந் தெரியாதவர்கள். இரண்டாவதில் அவர் ஒன்றுந் தெரியாதவர். பிள்ளைகளே அவரைத் திருத்துகிறார்கள். முதலாவதில் விதை திரும்பவில்லை. இரண்டாவதில் திரும்பியது, அதுவும் வித்தைக்காரனின் கையிலல்ல, கேள்வி கேட்ட பிள்ளையின் கையிலேயே. “காணாமல் போச்சு” என்ற சொல்லை அவர் ஒருதடவையேனும் உச்சரிக்கவில்லை என்பதையும் நான் பின்னாளில்தான் நினைத்துப் பார்த்தேன்.

அவளுடைய தகப்பன் திரும்பி வந்தாரா என்பதை அறியுமுன்னர் நாங்கள் அங்கிருந்து வேறிடம் போய்விட்டோம்.

அதன்பின் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். காணாமற்போனோர் பற்றிய செய்திகளை எழுதுவதிலேயே என் தொழில்வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததும், அடுத்த ஆண்டு குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டில் வந்த பின்னர் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போனதும் வாசகர்கள் அறிந்தவை. 2009இல் போர் முடிந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரரிடம் வற்புறுத்திக் கேட்டது ஒரு சொல்லைத்தான். “காணாமற் போனோர் என்று எழுதாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எழுதுங்கள்.”

இலக்கணப்படி இது தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் உள்ள வேறுபாடு. உள்ளபடி பார்த்தால், இது வித்தைக்காரனின் பேச்சுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு. “காணாமற் போயிற்று” என்பது வித்தைக்காரன் சொல்லும் வாக்கியம். பொருள் தானாகப் போனதாக நம்மை நம்பவைப்பதற்கு அவன் இயற்றிய வாக்கியம். எடுத்த கை அந்த வாக்கியத்தில் இல்லை. நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எழுதினேன். அச்சுக்கோக்கும்போது ஐந்து எழுத்துக் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்று பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களுக்கு வித்தைக்காரரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுட் சிலர் நம் இளைஞர்கள். தமிழிலேயே கதை சொல்லிச் செய்கிறார்கள். மகிழ்ச்சி. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. உங்கள் பெட்டியிலுள்ள கருவிகளுக்குக் கதை இல்லை, கதை உங்களுடையது. பிள்ளையை முட்டாளாக்கும் கதையை விட்டுவிடுங்கள். நீங்கள் தடுமாற, பிள்ளை வெல்லட்டும். ஒரு பொருளை மறையச் செய்தால், அதைத் திரும்பக் கொண்டுவராமல் விழாவை முடிக்காதீர்கள். உங்கள் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாட்டி எந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் தெருவோரம் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திராது.

மாஸ்ரர் இன்று இல்லை. அவரிடம் நான் கற்றது ஒரு வித்தை. இரண்டு புளியங்கொட்டையும் மூன்று சிரட்டையும் ஓர் இலையும் போதும். எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு இன்றும் செய்து காட்டுகிறேன். கை முன்னைப் போல் ஓடவில்லை. பிள்ளைகள் சிலவேளை இரண்டாவது கொட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இலையை மாத்திரம் முதலிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறேன்.